செவ்ரே முதல் லோசான் வரை

ஒப்பந்தத்தை அரபு மொழி ‘முஆஹதா’ என்கிறது. ‘அஹ்து’ என்னும் வேரினின்று பிறந்த இச்சொல், தன் இலக்கண அமைப்பாலேயே, இரு தரப்பார் ஒருவர்க்கொருவர் வாக்களிப்பதைக் குறிக்கும். ஒருவர் ஆணையிட, மற்றவர் கையொப்பமிடுவது பெயரளவில்தான் முஆஹதா.

1920 ஆகஸ்ட் 10ஆம் நாள் உதுமானிய அரசின்மீது சுமத்தப்பட்ட செவ்ரே ஒப்பந்தம் அத்தகையதே. அரபு நாடுகள் பிரிக்கப்பட்டன. இஸ்மிர் கிரேக்கரின் ஆளுகைக்குச் சென்றது. கடற்சந்திகள் பன்னாட்டுக் குழுவின் கைக்குப் போயின. அரசின் வரவு செலவும் வென்றோரின் மேற்பார்வைக்கு உள்ளாயிற்று. இந்திய முஸ்லிம்களின் உள்ளம் பதைத்தது. அவ்வாண்டே மௌலானா முஹம்மது அலி தலைமையில் ஒரு தூதுக்குழு லண்டன் சென்று முறையிட்டது, பயனில்லை.

ஆனால் 1920 ஏப்ரலிலேயே அங்காராவில் கூடியிருந்த தேசிய மாமன்றம் இவ்வொழுங்கை ஏற்க மறுத்தது. 1921இல் சகாரியா ஆற்றங்கரையில் கிரேக்கப் படை தடுத்து நிறுத்தப்பட்டது. 1922 செப்டம்பரில் இஸ்மிர் மீட்கப்பட்டது. 1923 ஜூலை 24இல் லோசானில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகி, அந்நியர் அனுபவித்த தனிச் சலுகைகள் ஒழிந்தன.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. வென்ற துருக்கி தன் கோரிக்கைக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டது. இழந்த பேரரசை முழுதும் கேட்கவில்லை. 1926இல் மோசுலையும் ஈராக்கிற்கு விட்டுக்கொடுத்தது. கடற்சந்திகளில் படை நிறுத்தும் உரிமையை 1936 ஜூலையில் மாந்த்ரே மாநாட்டில் பேசியே பெற்றது. அதே ஆண்டு மார்ச்சில் ஜெர்மனி, வெர்சாய் உடன்படிக்கையை மீறி ரைன்லாந்தில் படையை நுழைத்தது. அதன் ஆசைக்கு எல்லையில்லை. 1939இல் உலகம் மீண்டும் போரில் வீழ்ந்தது. வெர்சாய் ஒழுங்கு அழிந்தது. லோசானோ இன்றும் துருக்கியின் எல்லைகளுக்கு அடிப்படையாய் நிற்கிறது.

எனினும் லோசானை நாம் முற்றும் போற்றிவிட இயலாது. அங்கே முடிவான மக்கள் பரிமாற்றத்தால், பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட கிரேக்கக் கிறித்தவர்களும், ஏறத்தாழ நான்கு லட்சம் முஸ்லிம்களும் பிறந்த மண்ணை இழந்தனர். அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. எந்தக் கிலாபத்திற்காக இந்திய முஸ்லிம்கள் கண்ணீர் வடித்தார்களோ, அதனை 1924 மார்ச் 3இல் அங்காரா மாமன்றமே நீக்கியது.

திணிக்கப்பட்ட ஒழுங்கு நிலைப்பதில்லை. அதனை மாற்ற எழுவோரும் எளியோர்மீது தம் ஒழுங்கைத் திணிப்பாராயின், அதுவும் அஹ்து ஆகாது. அரசுகளின் வெற்றியை எடைபோடும்போது, ஊர் துறந்து கப்பலேறிய அக்குடும்பங்களையும் நாம் தராசில் வைத்தாக வேண்டும்.