ஒட்டு (தாவரவியல், மருத்துவம்)

ஓர் உயிரின் உடற்பகுதியை வேறிடத்திலோ வேறோர் உயிரிலோ பொருத்தி, அங்கேயே உயிர்பிடித்து வளரச் செய்வது ஒட்டு. தோட்டக்கலையிலும் அறுவை மருத்துவத்திலும் இச்சொல் வழங்குகிறது.

தோட்டக்கலை ஒட்டுக்குத் தமிழகத்தில் பெயர்பெற்றது கிருஷ்ணகிரி மாவட்டம். குறிப்பாகப் போச்சம்பள்ளி வட்டாரத்துச் சந்தூர் நாற்றங்கால்கள். 1965 வரை இப்பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்ததால், 'சேலத்து மாம்பழம்' என்ற புகழில் பெரும்பங்கு இதற்கே உரியது. மல்கோவா, பெங்களூரா வகைகளின் கொட்டையை நட்டால் தாய்மரத்தின் குணம் அப்படியே வருவதில்லை; ஒட்டுக்கட்டியே ஆக வேண்டும். பழைய முறை நெருக்கு ஒட்டு. தொட்டியில் வளர்ந்த நாட்டு மாங்கன்றைத் தாய்மரக் கிளையருகே வைத்து, இரண்டிலும் சுமார் 5 செ.மீ. நீளம் பட்டையோடு சிறிது கட்டையையும் சீவி, சீவிய முகங்களைச் சேர்த்துக் கட்டுவர். பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள வளர்திசுக்கள் ஒன்றையொன்று தொடாவிட்டால், எவ்வளவு இறுகக் கட்டினாலும் பயனில்லை. இரண்டு மூன்று மாதத்தில் கூடியதும், கன்றின் தலையையும் கிளையின் அடியையும் படிப்படியாக அறுப்பர். அதுவரை கிளைக்குத் தாய்மரமே உணவூட்டுவதால் ஒட்டு தவறுவது குறைவு. பின்வந்த மென்தண்டு ஒட்டில் குச்சியை முன்பே வெட்டி, ஆப்புபோல் சீவிக் கன்றில் செருகுவர். ரோஜாவில் ஒரு மொட்டை மட்டும் வைத்துக் கட்டினாலே போதும்.

மருத்துவத்தில் இச்சொல் பெரும்பாலும் தோலொட்டையே குறிக்கிறது. தொடையில் சீவிய மெல்லிய தோலைத் தீப்புண்மேல் பரப்பினால், முதல் இரண்டு நாள் புண்ணில் ஊறும் நீரால் அது உயிர்தரித்திருக்கும். பிறகு குருதிநாளங்கள் இணையும். குருதியோட்டம் அறாமல் திருப்பித் தைக்கும் தோல்மடல் நெருக்கு ஒட்டின் நேர் இணை. மூன்றாம் மைசூர்ப் போரில் திப்புவின் படையிடம் சிறைப்பட்டு மூக்கறுபட்ட வண்டிக்காரர் கவாஸ்ஜிக்குப் புனே அருகே இந்த மடல் முறையில் நெற்றித்தோலால் மூக்கு அமைக்கப்பட்டது. அச்செய்தி 1794இல் லண்டன் இதழொன்றில் வெளியாக, 1814இல் அறுவை மருத்துவர் ஜோசஃப் கார்ப்யூ அங்கு அதே முறையைக் கையாண்டார்.

பிறர் தோலை உடல் சில வாரங்களில் தள்ளிவிடும். இது நோயெதிர்ப்பின் செயல் என 1940களில் நிறுவிய பீட்டர் மெடவாருக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. மரத்தில் அத்தகைய எதிர்ப்பணுக்கள் இல்லை. அங்கே இன உறவே எல்லை. மா மாவோடு கூடும், பலாவோடு கூடாது.

சிறுநீரகம், கல்லீரல் முதலியவற்றைப் பொருத்துவது இன்று உறுப்புமாற்று எனத் தனியே வழங்கப்படுகிறது. தமிழகத்தில் இதற்கென அரசு ஆணையம் உண்டு.