பாலாடைக்கட்டி வகைகள்

இக்கட்டுரை உணவுப்பொருளைப் பற்றியது. திருப்பூர் வட்டாரத்தின் நூல் சாய ஆலைகளில் "சீஸ்" என்று வழங்கப்படுவது, உருளை வடிவில் சுற்றப்பட்ட நூற்சுற்றைக் குறிக்கும். வட்டமான பாலாடைக்கட்டியை வடிவில் ஒத்திருப்பதால் அதற்கு அப்பெயர் ஏற்பட்டது.

பாலாடைக்கட்டி (பேச்சு வழக்கில் சீஸ்) என்பது பாலில் உள்ள கேசீன் என்னும் புரதத்தைத் திரையச் செய்து, நீரை வடித்து, கொழுப்புடன் சேர்த்துக் கட்டியாக்கிப் பெறப்படும் பால் பொருளாகும். பெயரில் பாலாடை என்ற சொல் இருப்பினும், இது காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடையிலிருந்து செய்யப்படுவதன்று. கடினமான வகைகளில் ஒரு கிலோ கட்டி பெற ஏறத்தாழ 10 லிட்டர் பசும்பால் தேவைப்படுகிறது.

கொங்கு நாடும் பாலாடைக்கட்டியும்

திருப்பூர் மாவட்டத்தின் ஊத்துக்குளி, வெண்ணெய்க்கும் நெய்க்கும் பெயர் பெற்ற ஊர். காங்கேயம் மாட்டினமும் இம்மாவட்டத்திற்கு உரியதே. கால்நடை வளம் மிக்க இப்பகுதியில் பாலாடைக்கட்டி மரபாகத் தோன்றாதது வியப்பாகத் தோன்றலாம். மீந்த பாலைக் கெடாமல் காப்பது எங்கும் உள்ள சிக்கல்தான். குளிர்நாட்டார் பாலின் புரதத்தைக் கட்டியாக்கி நிலவறைகளில் வைத்துக் காத்தனர். வெப்பநாட்டவரான நம்மவர் தயிரைக் கடைந்து, கொழுப்பை மட்டும் பிரித்து நெய்யாக உருக்கிக் காத்தனர். புரதம் மோருடன் அன்றாடம் பருகப்பட்டது. பல பாலாடைக்கட்டிகள் பழுப்பதற்கு 10 முதல் 13 பாகை செல்சியசு அளவிலான குளிர்ச்சியும் ஈரப்பதமும் மாதக்கணக்கில் வேண்டும். கோடையில் 35 பாகையைத் தாண்டும் சமவெளியில் குளிரூட்டும் பொறி வரும்வரை அது இயலாததாகவே இருந்தது.

இன்று நிலை வேறு. திருப்பூருக்கு அருகில், ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் மில்க்கி மிஸ்ட் நிறுவனத்தின் ஆலையில் பன்னீரும் பாலாடைக்கட்டியும் பேரளவில் தயாரிக்கப்படுகின்றன. குளிர்ந்த பழனி மலையில் உள்ள கொடைக்கானலின் பெயரால் கோடை சீஸ் அறியப்படுகிறது. ஆரோவில்லிலும் ஐரோப்பிய முறையிலான கட்டிகள் செய்யப்படுகின்றன.

திரைதலும் சுவையும்

பாலைத் திரிக்க இரு வழிகள் உண்டு. ஒன்று எலுமிச்சைச் சாறு போன்ற அமிலம். மற்றொன்று ரென்னெட் எனும் நொதியம். சூடான பாலில் அமிலம் சேர்த்துப் பெறும் பன்னீர், எண்ணெயில் பொரித்தாலும் உருகுவதில்லை. ரென்னெட்டால் திரித்த பெரும்பாலான கட்டிகள் சூட்டில் இளகி உருகும். பீட்சாவின் மேல் பன்னீர் துண்டுகள் அப்படியே நிற்க, மொசரெல்லா இழையாக நீள்வதற்கு இதுவே காரணம். சீம்பால் எவ்விதச் சேர்ப்பும் இன்றி வெப்பத்தாலேயே கட்டியாவது அதன் தனிப் புரதங்களால். அது பாலாடைக்கட்டி ஆகாது.

புதிய கட்டிக்குப் பால்மணமும் இலேசான புளிப்புமே உண்டு. பழுக்கும் காலத்தில் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும்போதே பிற சுவைகள் பிறக்கின்றன.

உலக வகைகள்

மொசரெல்லா இத்தாலியில் தோன்றியது. திரளையை வெந்நீரில் இட்டு இழுத்துப் பிசைந்து செய்யப்படும் இது மென்மையானது, சுவை மிகவும் தணிந்தது. அந்நாட்டின் கம்பானியாப் பகுதியில் இது எருமைப்பாலில் செய்யப்படுகிறது. பார்மிசான் என்று நாம் அழைக்கும் பார்மிசானோ ரெச்சானோவோ இதற்கு நேர்மாறானது. குறைந்தது 12 மாதங்கள் பழுக்கவைக்கப்படும் இதன் ஒரு வட்டு ஏறத்தாழ 40 கிலோ எடையிருக்கும். மணல்போல் உதிரும், கடிக்கும்போது நெறுநெறுக்கும் வெண்துகள்கள் டைரோசின் என்னும் அமினோ அமிலப் படிகங்கள். இதன் ஆழ்ந்த உவர்ச்சுவைக்கு உப்புடன் குளுட்டமேட்டும் காரணம்.

செடார், இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில் உள்ள ஊரின் பெயரைப் பெற்றது. இளமையில் மென்மையான சுவையும், ஓராண்டு கடந்தபின் நாவைச் சுறுக்கென்று தாக்கும் புளிப்பும் கொண்டது. நெதர்லாந்தின் கௌடா, அது விற்கப்பட்ட சந்தை நகரின் பெயரால் அறியப்படுகிறது. நன்கு பழுத்தால் கருகிய சர்க்கரையின் இனிப்பு தெரியும்.

சுவிட்சர்லாந்தின் எமென்டால் துளைகளால் புகழ்பெற்றது. பாக்டீரியாக்கள் வெளியிடும் கரியமில வாயுவே துளைகளாகிறது. வறுத்த கொட்டைகளை ஒத்த இனிப்புடையது. பாலில் விழும் நுண்ணிய வைக்கோல் துகள்களைச் சுற்றியே துளைகள் உருவாகின்றன என்று 2015 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் அக்ரோஸ்கோப் ஆய்வு நிறுவனம் தெரிவித்தது. பால் கறக்கும் முறை தூய்மையடைந்ததால் துளைகள் குறைந்தனவாம்!

பிரான்சின் ரோக்ஃபோர், செம்மறியாட்டுப் பாலில் செய்து குகைகளில் பழுக்கவைக்கப்படுவது. உள்ளே ஓடும் நீலக்கோடுகள் பூஞ்சையே. கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. மிகுந்த உவர்ப்பும் காரமும் உடைய இதனை முதன்முறை உண்போர் சிறு துண்டுடன் நிறுத்திக்கொள்வது நலம். 1925 ஆம் ஆண்டிலேயே இதன் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. உப்புநீரில் ஊறும் கிரேக்க ஃபெட்டா, பொரித்தாலும் உருகாத சைப்பிரசின் ஹல்லூமி ஆகியவை பன்னீருக்குப் பழகிய நாவிற்கு எளிதில் பிடிபடும்.

இந்திய வகைகள்

பன்னீருக்கு அப்பாலும் இந்தியாவில் சில வகைகள் உண்டு. வங்காளத்தின் பண்டேல் உவர்ப்பும் புகைமணமும் கொண்டது. போர்த்துக்கேயர் தொடர்பால் வந்ததாகக் கருதப்படுகிறது. ஜம்முப் பகுதியின் கலாரி தட்டையாக வார்க்கப்பட்டு, சட்டியில் வாட்டி உண்ணப்படுகிறது. இமயமலைப் பகுதியின் சுர்ப்பி, உலர்ந்தபின் வாயில் நெடுநேரம் அடக்கி மெல்லும் அளவுக்குக் கடினமானது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பதப்படுத்திய சீஸ், இயல்பான கட்டியை உப்புகளுடன் உருக்கி வார்த்தது. இம்முறை 1911 இல் சுவிட்சர்லாந்தில் உருவானது.

சைவ உணவினரும் ரென்னெட்டும்

மரபான ரென்னெட், பால்குடி மறவாத கன்றைக் கொன்று அதன் நான்காம் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. ஆகவே பால் பொருள் என்பதாலேயே எல்லாப் பாலாடைக்கட்டியும் சைவம் ஆகிவிடாது. பார்மிசானோ ரெச்சானோவின் விதிமுறை கன்றின் ரென்னெட்டையே வலியுறுத்துகிறது. எனவே அப்பெயரை முறைப்படி தாங்கிய கட்டி சைவமாக இருக்க இயலாது.

மாற்று வழிகளும் உள்ளன. வடமேற்கு இந்தியாவில் அமுக்கராவின் இனமான பனீர் டோடிச் செடியின் காய்கள் பாலைத் திரிக்கப் பயன்பட்டுள்ளன. பூஞ்சையிலிருந்து பெறும் நொதியங்கள் இன்று பரவலாகப் பயன்படுகின்றன. மரபணு மாற்றப்பட்ட நுண்ணுயிரிகளைக் கொண்டு தயாரித்த கைமோசினுக்கு 1990 இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2011 ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, விலங்கிலிருந்து பெறப்படாத ரென்னெட்டையே சீஸ் என்பதன் வரையறையில் குறிப்பிடுகிறது. சைவப் பொருளின் உறையில் பச்சைப் புள்ளியும் இருத்தல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய கட்டாயக் குறியீடு இல்லை. பின்னலாடை வணிகத்தின் பொருட்டு அங்குச் செல்லும் சைவ உணவினர், உறையில் நுண்ணுயிரி அல்லது தாவர ரென்னெட் என்ற குறிப்பு உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். வெறும் "ரென்னெட்" என்றிருப்பின் கடைக்காரரிடம் கேட்டறிய வேண்டும்.