வெள்ளிக்கிழமை கிடைக்காத வெள்ளி

மலேசியாவின் பீடோங்கில் வெள்ளிக்கிழமை பேங்கு கவுண்டரில் வெள்ளி எடுக்க முடியாது. கெடா மாநிலத்துக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேங்கு திறந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, இங்கே புதிதாகக் கணக்குத் திறக்கப் போகிறவரை முதலில் இந்தக் கிழமைக் கணக்கு குழப்பும். அடுத்தது பணத்தின் பெயர். நோட்டில் ரிங்கிட் என்று இருக்கிறது, ரசீதிலும் அப்படியே. வரிசையில் முன்னால் நிற்கும் அண்ணனோ, "அம்பது வெள்ளி போடணும்" என்கிறார்.

இரண்டு பெயருக்கும் தாய் ஒரே நாணயம்தான். மெக்சிகோ முதலிய நாடுகளில் வார்க்கப்பட்ட ஸ்பானிய வெள்ளி டாலர்தான் நீண்டகாலம் இந்தக் கடற்கரைகளின் வணிகப் பணம். சுரண்டித் திருடாமல் இருக்க அதன் ஓரத்தில் வரிவரியாகப் பல் வெட்டியிருப்பார்கள். மலாயில் 'ரிங்கிட்' என்றால் பல்பல்லாக வெட்டுப்பட்டது என்று பொருள். மலாய்க்காரர் ஓரத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்; தமிழர் உலோகத்தைப் பார்த்து வைத்தார். சீனர் ஒருபடி மேலே போனார்கள்: பேங்குக்கு அவர்கள் சொல்லும் பெயரிலேயே வெள்ளி இருக்கிறது, 'வெள்ளி நிலையம்' என்பதுபோல. மலாய்க்காரர் பணத்துக்குப் பேச்சுவழக்கில் சொல்லும் 'டூயிட்', நம் துட்டு, இரண்டும் டச்சுக்காரரின் சின்னச் செப்புக்காசிலிருந்து வந்தவை.

ஆனால் உலோகத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள் என்று சொல்லி முடித்துவிட முடியாது. ரூபாயும் அன்று வெள்ளி நாணயம்தான். அந்தச் சொல்லின் மூலமான வடமொழி 'ரூப்ய' என்பதே வார்த்த வெள்ளியைக் குறிக்கும். அப்படியிருக்க ஊரில் யாரும் ரூபாயை வெள்ளி என்று அழைக்கவில்லை. கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்த பிறகு மட்டும் ஏன்?

இதற்கு விடை இலங்கையில் கிடைக்கிறது என்பது என் எண்ணம். அதே மாவட்டங்களிலிருந்து, இதேபோல ஆளெடுக்கும் கங்காணிமார் வழியாக மலையகத் தோட்டங்களுக்குப் போனவர்கள் அங்கேயும் ரூபாயைத்தான் கண்டார்கள்; புதுப்பெயர் தேவைப்படவில்லை. பர்மாவிலும் அப்போது ரூபாய்தான். மலாயாவின் கதை வேறு. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்திய ஆட்சியின் கீழ் இருந்தும், ரூபாய் இங்கே கடைத்தெருவில் வேரூன்றவில்லை. அரசு ரூபாயில் கணக்கெழுதியது, வணிகர் டாலரில் பேரம் பேசினார்கள். 1867இல் டாலரே சட்டப்படியான பணமாயிற்று. 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்றே தனி வெள்ளி நாணயம் வந்தது.

ஆகவே தோட்டத்துக்கு வந்தவருக்குக் கணக்கு இரண்டாகப் பிரிந்தது. கிராமத்தில் அடமான நிலம், தங்கை கல்யாணம், கடைக்காரன் பாக்கி எல்லாம் ரூபாய். இங்கே செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் ஏறுவது, கையில் வாங்குவது எல்லாம் வெள்ளி. 1920களின் கடைசியில் எளிதில் போய்ச்சேரக்கூடிய தோட்டங்களில் தரக் கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த வெள்ளி எத்தனை ரூபாயாகும் என்பதை அஞ்சலக மணியார்டரிலோ செட்டியார் உண்டியலிலோ அனுப்பும் ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். இரண்டு பணம், இரண்டு பெயர். சில்லறைக்கு மட்டும் புதுப்பெயர் எதுவும் வரவில்லை, பழைய 'காசு' போதுமானதாக இருந்தது.

எழுதத் தெரியாதவர்கள் கணக்கில் பணம் போடுவது அன்று எளிதல்ல. கங்காணியிடம் கொடுத்து வைத்தவர்கள் உண்டு, தகர டின்னில் புதைத்தவர்கள் உண்டு. 1951இல் வந்த ஊழியர் சேமநிதிச் சட்டம் பலர் பெயரில் முதல் கணக்கைத் திறந்தது, அதுவும் முதலாளி வழியாக. தானே விரும்பிச் சேர்ந்த கணக்கு என்றால் 1960இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளரே வாங்குவதற்கான பணம் அது. முதலில் வாங்கிய புக்கிட் சிடிம் தோட்டம் இதே கெடாவில்தான் இருக்கிறது.

அதற்குள் நாணயத்தில் வெள்ளியே இல்லாமல் போய், ஒரு வெள்ளி என்பது காகிதமாகியிருந்தது. 1967இல் மலேசிய டாலர் வந்தது. 1975இல் ரிங்கிட் அதிகாரப்பூர்வப் பெயரானது. 1974 டிசம்பரில் அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் பொறுப்பு முழுவதும் பேங்க் சிம்பானான் நேஷனலுக்குப் போயிற்று. பேங்கு புத்தகத்தின் அட்டை மாறியது, பணத்தின் பெயர் மாறியது, வாய்ச்சொல் மாறவில்லை. இப்போது தமிழ்ப் பத்திரிகைகளில் ரிங்கிட் மலேசியாவின் சுருக்கமான 'ரிம' கூடிவருகிறது. அதை வாய்விட்டுப் படிக்கும் பாட்டிமார் 'வெள்ளி' என்றே படிக்கிறார்கள்.

சிங்கப்பூரிலும் தமிழில் வெள்ளிதான். 1973 மே வரை இரண்டு நாட்டுப் பணமும் ஒன்றுக்கு ஒன்றாக மாறியதால் எந்த வெள்ளி என்று கேட்க அவசியம் இருக்கவில்லை. இன்று இங்கிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளை அங்கே சம்பளக் கணக்குத் திறக்கிறான், பி.ஓ.எஸ்.பி. போன்ற பேங்கில். பி.ஓ.எஸ்.பி.யும் அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் வழிவந்ததுதான். "ஆயிரம் வெள்ளி அனுப்பியிருக்கேம்மா" என்று அவன் சொன்னால் அம்மா உடனே கேட்கிறார்: "சிங்கப்பூர் வெள்ளியா, நம்ம வெள்ளியா?"