பெற்றோர் தயங்கிக் கேட்கும் கேள்விகள்

அரசு உதவிபெறும் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் பணியாற்றினேன். கடைசி 11 ஆண்டுகள் தலைமையாசிரியர். ஓய்வு பெற்ற பிறகும், ஜூன் மாதம் நெருங்கினால் தெருவில் யாராவது என்னை நிறுத்திப் பள்ளியைப் பற்றி விசாரிக்கிறார்கள். முதலில் கட்டணம், அடுத்து சீருடை, பிறகு ஆங்கிலவழி. எல்லாம் முடிந்து விடைபெறும் நேரத்தில், குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கேள்வி வரும்: "சார், அங்க பிள்ளையை ஜெபம் பண்ணச் சொல்வாங்களா?"

உண்மையில் அவர்கள் கேட்க வந்தது இதைத்தான். சிறுபான்மையினர் பள்ளி என்பதால் கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் அவர்களைத் தடுக்கிறது. பதில் சொல்ல வேண்டியவர்களும், "எல்லாம் பொதுவான ஜெபந்தாங்க" என்று மழுப்பிவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படி மழுப்பியவன்தான்.

நேரான பதில் இது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்தி வாசிப்பு என்று எல்லாப் பள்ளிகளிலும் உள்ளவை இருக்கும். அவற்றோடு சிலுவை அடையாளமிட்டுச் சொல்லும் ஜெபம் ஒன்றும் பாடல் ஒன்றும் சேரும். நண்பகல் கோயில் மணி அடித்தால் பிள்ளைகள் எழுந்து நின்று மூவேளை ஜெபம் சொல்வார்கள். சாப்பிடும் முன் ஒரு வரி நன்றி. அக்டோபரில் செபமாலை, டிசம்பரில் குடில், ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பாதுகாவலரின் திருவிழா. மாதத்தின் முதல் வெள்ளியன்று கத்தோலிக்கப் பிள்ளைகளைக் கோயிலுக்குத் திருப்பலிக்கு அழைத்துச் செல்வதும் உண்டு. பொதுவான ஜெபம் என்று இதற்குப் பெயர் வைப்பது பெற்றோரை ஏமாற்றுவதாகும். இது கத்தோலிக்கப் பள்ளி. அதன் நாள் இப்படித்தான் நகரும்.

உங்கள் பிள்ளை இதில் கலந்துகொண்டே தீர வேண்டுமா? வேண்டியதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது என்பது பலருக்கும் தெரியும். 28-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவை அவ்வளவு பேர் படித்ததில்லை. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் எந்தக் கல்வி நிறுவனத்திலும், சம்மதமின்றி ஒருவரைச் சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்படுத்தக் கூடாது. சிறுவர் என்றால் அந்தச் சம்மதத்தை அவருடைய பாதுகாவலர் தர வேண்டும். இது வழக்குப் போட்டு வாங்க வேண்டிய சலுகையன்று. பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே உங்களிடம் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

சேர்ந்து சொல்ல விரும்பாத பிள்ளை அமைதியாக நின்றால் போதுமானது. கேரளத்தில் மூன்று பிள்ளைகள் தங்கள் சமய நம்பிக்கையின் காரணமாகத் தேசிய கீதம் பாடாமல், ஆனால் மரியாதையோடு எழுந்து நின்றார்கள். பள்ளி அவர்களை நீக்கியது. 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்றது. தேசிய கீதத்துக்கே அப்படியென்றால், நண்பகல் ஜெபத்துக்கு உதட்டை அசைக்கவில்லை என்று ஒரு பிள்ளையை முறைப்பதற்கு எந்த ஆசிரியருக்கும் இடமில்லை.

இதை நான் சட்டப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. தலைமையாசிரியரான முதல் ஆண்டு, திருநீற்றுப் புதனன்று பங்குத்தந்தை பள்ளிக் கூடத்துக்கே வந்து சாம்பல் பூசினார். பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று நாங்கள் பார்க்கவில்லை. மறுநாள் காலை, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தந்தை வந்தார். ஆட்டோ ஓட்டுபவர். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து நான் தயாராக இருந்தேன். அவர் உட்காரக்கூட இல்லை. "வீட்ல நாங்களும் திருநீறு பூசுறவங்கதான் சார். பூசினதுல எனக்கு ஒண்ணும் இல்ல. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

குழந்தை தானாகத்தான் வரிசையில் நின்றாள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏழு வயதுப் பிள்ளை, தோழி நிற்கும் வரிசையில் நிற்கும். அதற்குச் சம்மதம் என்று பெயரில்லை. மன்னிப்புக் கேட்டேன். அந்த வாரமே ஒரு பக்கப் படிவம் எழுதித் தாளாளரிடம் எடுத்துப் போனேன். கேட்கப் போனால் இல்லாத பிரச்சினையைக் கிளப்பிவிட்டதாகிவிடுமே என்று அந்த ஃபாதர் யோசித்தார். அவருடைய அச்சத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன்; காலம் அப்படி. ஆனாலும் அடுத்த ஜூனில் படிவம் வந்தது. பெரும்பாலான பெற்றோர் "கலந்துகொள்ளட்டும்" என்றே எழுதினார்கள். மறுத்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் ஓவியமும் கதைப் புத்தகமும் கொடுத்தோம். எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது. மூன்றாம் ஆண்டில் படிவம் அச்சடிக்கவே மறந்துபோனோம். ஒரு தாய் வந்து நினைவூட்டினார்.

மறைக்கல்வி பற்றியும் குழப்பம் உண்டு. முன்பு ஞானோபதேசம் என்றார்கள். இது கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டுமான வகுப்பு. அதே பாடவேளையில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். முதல் நற்கருணைக்கான தயாரிப்பு, ஊர்ப் பேச்சில் சொன்னால் புதுநன்மை, பங்குக் கோயிலின் பொறுப்பு. உங்கள் பிள்ளை எந்த வகுப்பில் உட்காருகிறாள் என்று நீங்கள் கேட்கலாம். நன்னெறி வகுப்புக்கு என்ன புத்தகம் என்று வாங்கிப் பார்க்கலாம். இதற்கு நேர்மாறான முறையீடும் எனக்கு வந்ததுண்டு. "நம்ம பள்ளிக்கூடத்துலயே ஜெபம் குறைஞ்சுபோச்சு" என்று வருத்தப்பட்ட கத்தோலிக்கப் பெற்றோரும் சிலர் இருந்தார்கள்.

பொட்டு வைக்கலாமா, பூ வைக்கலாமா, கையில் கயிறு இருக்கலாமா, மாலை போட்ட சிறுவன் கறுப்புத் துண்டோடு வரலாமா? பள்ளிக்குப் பள்ளி பதில் மாறும். என் கருத்தைச் சொல்கிறேன்: கழுத்தில் ஜெபமாலையும் உத்தரியமும் அணிந்த பிள்ளையை உள்ளே விடும் பள்ளி, நெற்றிப் பொட்டை அழிக்கச் சொல்லக் கூடாது. வழுக்கி விழவைக்கும் கொலுசையும், காதைக் கிழிக்கும் தொங்கட்டானையும் வேண்டாம் எனச் சொல்லலாம், அது பாதுகாப்பு. அதற்கு மேல் போனால் விதியின் பெயரால் நடக்கும் வேறு ஏதோ ஒன்று.

இனி, பணம். நம் ஊர்களில் ஆங்கிலவழிப் பள்ளி என்றாலே 'கான்வென்ட்' என்பார்கள், அதை நடத்துபவர் யாராக இருந்தாலும். உண்மையான கன்னியர் மடங்கள் நடத்தும் தொடக்கப்பள்ளிகளில் பல, தமிழ்வழி அரசு உதவிபெறும் பள்ளிகள். 1844-இல் புதுச்சேரியில் துய்ப்புயி அடிகளார் ஒரு கன்னியர் சபையைத் தொடங்கியதே தமிழ்ப் பெண் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கத்தான். இப்பள்ளிகளின் உதவிபெறும் பிரிவில் ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது. ஆகவே கல்விக் கட்டணம் கிடையாது. பாடநூல், குறிப்பேடு, சீருடை, மதிய உணவு எல்லாம் உண்டு. காலை உணவும் இப்போது உண்டு. 2022-இல் மதுரையில் அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய அத்திட்டம், 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோது, அதன் தொடக்க விழா நடந்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியின் புனித அன்னாள் தொடக்கப்பள்ளி. 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்துக்கு விரிந்தபோது, மயிலாப்பூரின் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளி. பசியோடு வந்து முதல் பாடவேளையில் தலை சாயும் பிள்ளைகளைப் பார்த்தவன் என்ற முறையில், இத்திட்டம் வந்துசேர ஆன தாமதத்தைத் தவிர எனக்கு அதன்மேல் வேறு குறையில்லை.

அதே வளாகத்தில் ஆங்கிலவழிப் பிரிவு இருந்தால் அது பெரும்பாலும் சுயநிதிப் பிரிவு. எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் அப்படித்தான். அங்கே கட்டணம் உண்டு, இலவசங்கள் இல்லை. ஒரே சுவர், ஒரே சீருடை நிறம், இரண்டு கணக்குப் புத்தகம். பெற்றோர் பலருக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்குவதில்லை. விண்ணப்பம் வாங்கும்போதே, "இது உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" என்று கேளுங்கள். சுயநிதிப் பிரிவில் வாங்கக்கூடிய தொகையை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேளுங்கள்.

உதவிபெறும் பிரிவிலும் 'நன்கொடை' கேட்கும் பள்ளிகள் உண்டு. ஏன் என்று கேட்டால், காலியான பணியிடத்துக்கு அரசின் ஒப்புதல் வர ஆண்டுகள் ஆகின்றன, அதுவரை அந்த ஆசிரியைக்கு நிர்வாகம்தான் சம்பளம் கொடுக்கிறது என்பார்கள். அது பொய்யில்லை, அப்படிச் சொற்பச் சம்பளத்தில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்த ஆசிரியைகளை நான் அறிவேன். ஆனாலும் அந்தச் சுமையை, சேர்க்கைக்கு நிபந்தனையாகத் தினக்கூலித் தந்தையின் தலையில் வைப்பது நியாயமில்லை. தர இயலாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்தக் காரணத்துக்காக இடம் மறுத்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் முறையிடலாம்.

சிஸ்டர்களின் அரசுச் சம்பளம் எங்கே போகிறது என்று விளையாட்டாகக் கேட்பவர்களும் உண்டு. ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள் என்பதால் அது அவர்களுடைய சபைக்குப் போகிறது. அதிலும் வருமான வரிப் பிடித்தம் உண்டு என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சேர்க்கைக்குத் திருமுழுக்குச் சான்று கேட்பார்களே என்றால், அது கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தருவதற்காக. அந்த முன்னுரிமை சட்டம் ஏற்றதுதான். ஆனால் அரசு நிதி பெறும் பள்ளி, மதத்தையோ சாதியையோ மட்டும் காரணமாகக் காட்டி ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது என்கிறது 29-ஆவது பிரிவு. என் பள்ளியில் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர் அல்லாத வீட்டுப் பிள்ளைகள்தாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களை மட்டும் இங்கே எதிர்பார்க்காதீர்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் பள்ளிகளை அச்சட்டத்திலிருந்து விலக்கியது. அத்தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் இன்னோர் அமர்வு எழுப்பியிருக்கிறது.

அந்த விலக்கு, பிரம்புக்குக் கிடைத்த அனுமதி அன்று. 'கிறிஸ்தவப் பள்ளி என்றால் கண்டிப்பு' என்று பெருமையாகச் சொல்லி, "அடிச்சு வளர்த்துடுங்க சார்" என்று பிள்ளையை ஒப்படைத்த பெற்றோர் எனக்கு நிறைய. அடிக்கும் அதிகாரத்தை நீங்கள் கொடுத்தாலும் நாங்கள் வாங்கிக்கொள்ள முடியாது. தம் பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவது சிறார் நீதிச் சட்டத்தின்படி குற்றம். பிள்ளை பள்ளிக்குப் போகவே அஞ்சினால் முதலில் வகுப்பாசிரியரிடம், பிறகு தாளாளரிடம் பேசுங்கள். அங்கே கதவு அடைபட்டால் 1098 என்ற எண் இருக்கிறது.

பதிவேட்டில் எழுதும் ஒரு வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிறிஸ்தவராக மாறிய பட்டியல் சாதிக் குடும்பங்களின் பிள்ளைகள், 1950-ஆம் ஆண்டு ஆணையின்படி பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். வீட்டில் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய்க்கொண்டு, பள்ளியில் 'இந்து' என்று எழுதச் சொன்ன தாய்மார்களின் கண்களை நான் நேராகப் பார்த்ததில்லை. அவர்களைப் பொய் சொல்ல வைத்தது எது என்று எனக்குத் தெரியும். சான்றிதழில் உள்ளபடி எழுதுவதுதான் தலைமையாசிரியரின் வேலை. பிறகு மாற்றுவது மிகக் கடினம். ஆகவே கையெழுத்திடும் முன் அந்தக் கட்டத்தை ஒருமுறை படியுங்கள். சாதி, மதக் கட்டங்களை நிரப்பாமல் விடவும் உங்களுக்கு உரிமையுண்டு.

கடைசியாக, ஐந்தாம் வகுப்பு. பெரும்பாலோர் பக்கத்தில் உள்ள சபையின் உயர்நிலைப் பள்ளிக்கே பிள்ளையை அனுப்புகிறார்கள். மருத்துவம் முதலான தொழிற்கல்வி இடங்களில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. உதவிபெறும் பள்ளி அதில் சேராது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவர்களும் உண்டு. என் மாணவி ஒருத்தியின் தாய், மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு இதைக் கேள்விப்பட்டு, "ஏன் சார் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்த ஆண்டில் இந்த ஒதுக்கீடே வந்திருக்கவில்லை. இப்போது ஐந்தாம் வகுப்பில் பிள்ளை வைத்திருப்பவர்கள், மாற்றுச் சான்றிதழ் வாங்க மே மாதம் வருவதற்கு முன்பே, ஜனவரியில் ஒருமுறை தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.