விளக்கு எடுத்து வராதீர்கள்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், சாண்டா ஃபே ஆற்றங்கரையில், ஜின்னி ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றுகள் இருக்கின்றன. கண்ணாடித் தண்ணீர். காற்றுச் சிலிண்டரோடு முக்குளிக்கும் ஸ்கூபாவைக் கற்றுச் சான்றிதழ் அட்டை வாங்கியவர்கள் கட்டணம் செலுத்திவிட்டு இறங்கலாம். ஆனால் அங்குள்ள டெவில்ஸ் ஐ என்னும் ஊற்றுக்கண்ணுக்கு ஒரு நிபந்தனை உண்டு. குகைப் பயிற்சி பெறாதவர் கையில் டார்ச் விளக்கு இருக்கக் கூடாது.

இருட்டின் வாசலில் நிற்பவரிடம் விளக்கை வாங்கி வைத்துக்கொள்வது விபரீதமாகத் தோன்றலாம். யோசித்தால் புரியும். விளக்கு இல்லாதவர் பகல் வெளிச்சம் முடிகிற இடத்தில் தானாகவே திரும்பிவிடுவார். கையில் விளக்கு இருந்தால் இன்னும் பத்தடி, இன்னும் பத்தடி என்று கால் முன்னே போகும். அப்படிப் போய்த் திரும்பாதவர்கள் ஃபுளோரிடாவில் ஏராளம். குகை வாயில்களில் தண்ணீருக்கு அடியிலேயே நட்டு வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகையில் எலும்புக்கூடாய் நிற்கும் எமனின் படம் இருக்கிறது. இதுபோன்ற குகைகளில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள், அவர்களில் ஸ்கூபா பயிற்றுநர்களும் உண்டு என்று அது சொல்கிறது.

பயிற்றுநர்களும்! அந்த ஒரு சொல்லில்தான் இந்தக் கதை முழுவதும் இருக்கிறது.

1943இல் பிரான்ஸில் ஜாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமீல் கான்யான் என்ற பொறியாளரும் சேர்ந்து, தண்ணீருக்கு அடியில் மூச்சுவிட உதவும் அக்வாலங் கருவியை உருவாக்கினார்கள். மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கு வேண்டிய அழுத்தத்தில் காற்று தரும் ரெகுலேட்டர்தான் அதன் உயிர்நாடி. சில ஆண்டுகளில் அது அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது. கருவி வந்த வேகத்தில் கற்றுக்கொடுக்க ஆள் வரவில்லை. பணம் கொடுத்தவர் தோளில் மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்.

அதற்கு முதலில் ஒழுங்கு கொண்டுவந்தவர்களில் ஒருவர் கான்ராட் லிம்பா. கலிஃபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் இருந்த உயிரியலாளர். 1950களின் தொடக்கத்தில் அங்கே ஆராய்ச்சியாளர்களுக்கான முக்குளிப்புப் பயிற்சியை வகுத்தார். 1954இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டப் பூங்கா, பொழுதுபோக்குத் துறை தன் ஆட்களை அவரிடம் அனுப்பியது. அவர்கள் திரும்பி வந்து, அடுத்த ஆண்டு பொதுமக்களுக்குக் கற்றுத்தரும் பயிற்றுநர்களை உருவாக்கத் தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் நடக்கும் ஸ்கூபா வகுப்புகளின் வேர் பெருமளவு அங்கேதான் இருக்கிறது.

அந்த லிம்பா 1960 மார்ச்சில் பிரான்ஸுக்குப் போனார். மார்செய்க்கு அருகே, காசீ என்ற சிற்றூரையொட்டி போர்மியூ என்ற நீரடிக் குகை உண்டு. அதற்குள் போனவர் வழி தவறினார். உயிரோடு வெளியே வரவில்லை. கடலில் அவருக்குத் தெரியாதது என்று அந்த நாளில் அதிகம் இருந்திருக்காது. ஆனால் கடலில் தவறு நடந்தால் மேலே காற்று இருக்கிறது. குகையில் மேலே இருப்பது பாறை.

ஃபுளோரிடா நிலத்தின் அடியில் சுண்ணாம்புக்கல். மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகளாக அதைக் கரைத்துக் கரைத்துச் சுரங்கங்களாக்கியிருக்கிறது. அவற்றின் வாய்தான் இந்த ஊற்றுகள். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை, அலை இல்லை, சுறா பயம் இல்லை. புதிதாகக் கற்றவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றுதான் தோன்றும். ஆபத்து அந்தத் தெளிவில்தான் ஒளிந்திருக்கிறது. குகைத் தரையில் மாவு போல வண்டல் படிந்திருக்கும். துடுப்புக்காலை ஒருமுறை கீழ்நோக்கி உதைத்தால் போதும், எழும்பிப் புகையாய்ப் பரவிவிடும். விடுகிற மூச்சின் குமிழ்கள் கூரையில் மோதி அங்கிருந்தும் தூசி உதிர்க்கும். உள்ளே போகும்போது நூறடி தூரம் தெரிந்த பாதையில், திரும்பும்போது சொந்தக் கை தெரியாது.

1960களில் இறப்புகள் கூடிக்கொண்டே போயின. 1968இல் ஃபுளோரிடாவின் குகை முக்குளிப்பாளர்கள் சேர்ந்து தங்களுக்கென ஒரு சங்கம் வைத்தார்கள். 1973இல் அமெரிக்க தேசியக் குகையியல் கழகத்தில் இதற்கென்று தனிப் பிரிவு பிறந்தது. இந்தக் காலத்தில் முன்னால் வந்து நின்றவர் ஷெக் எக்ஸ்லி.

ஜாக்சன்வில்லில் 1949இல் பிறந்தவர். 1966இல், பள்ளிப் பருவத்திலேயே, முதல் குகைக்குள் இறங்கினார். 23 வயதில் ஆயிரம் குகை முக்குளிப்புகளை முடித்த முதல் மனிதர் ஆனார். தொழில், உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார். மற்றவர்கள் விதி என்றும் துரதிர்ஷ்டம் என்றும் சொல்லிவிட்டுப் போன மரணங்களை, விடை காண வேண்டிய கணக்குகளாக எடுத்துக்கொண்டார். சடலத்தோடு மேலே வந்த சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் இருந்தது, வழிகாட்டும் கயிறு இருந்ததா, எத்தனை ஆழம் என்று ஒவ்வொரு விபத்தையும் பிரித்துப் பார்த்தார். 1979இல் அது ஒரு சிறு நூலாக வந்தது. 'அடிப்படைக் குகை முக்குளிப்பு: உயிர் பிழைக்க ஒரு வரைபடம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஒவ்வொரு இயலிலும் ஓர் உண்மையான விபத்து, அதைத் தடுத்திருக்கக்கூடிய ஒரு வழிமுறை.

அவர் கண்ட காரணங்கள் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. வெளிவாயில் வரை அறுபடாத வழிக்கயிறு இல்லாதது. திரும்புவதற்குப் போதிய காற்றை மிச்சம் வைக்காதது. அளவுக்கு மீறிய ஆழம். பின்னால் வந்தவர்கள் பயிற்சியின்மையையும் விளக்குப் போதாமையையும் சேர்த்தார்கள். ஆளுக்கு மூன்று விளக்கு வேண்டும் என்பதும் ஒரு விதி. ஆக, மாயம் எதுவும் இல்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பத் திரும்ப இதே சில தவறுகளால்தான் இறந்தார்கள்.

காற்றுக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குகைக்காரர்களின் மூன்றில் ஒரு பங்கு விதி அது. சிலிண்டரில் 3,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 செலவானதும் திரும்ப வேண்டும். திரும்ப 1,000 போதும். மீதி 1,000 எதற்கு? இருவர் போகிறார்கள். மிகத் தொலைவான புள்ளியில் ஒருவரின் கருவி அடியோடு பழுதாகிறது. இப்போது மற்றவரிடம் உள்ள 2,000இல் இரண்டு பேரும் வெளியே வர வேண்டும். ஆளுக்கு 1,000. கணக்கு நேராகிவிடுகிறது. தன் முதுகில் சுமக்கிற காற்றில் ஒரு பங்கு தனக்கு உரியதல்ல, கூட வருபவருக்கு உரியது என்பதைத்தான் அந்த விதி எண்ணிக்கையில் சொல்கிறது. அந்தக் காற்றைக் கொடுப்பதற்கென்றே ஏழடி நீள ரெகுலேட்டர் குழாய் வைத்திருப்பார்கள். குறுகலான சுரங்கத்தில் இருவர் அருகருகே வர முடியாது. ஒருவர் பின் ஒருவராகத்தான் வர முடியும்.

குகை முக்குளிப்பு வகுப்பு தண்ணீரில் தொடங்குவதில்லை. மரத்தடியில் தொடங்குகிறது. மாணவர் ரீலிலிருந்து வெள்ளைக் கயிற்றை மரத்துக்கு மரம் சுற்றி இழுத்துக்கொண்டு போவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாகக் கயிற்றைச் சுற்றியிருக்க, தடவித் தடவி வந்த வழியே திரும்புவார். இறுக்கிப் பிடித்து இழுக்கக் கூடாது. விடவும் கூடாது. தரையில் தடுமாறாமல் வந்த பிறகே தண்ணீர். அங்கே விளக்கணைத்துக் கயிற்றோடு வெளியேறுவது, இருட்டிலேயே ஒரே சிலிண்டரில் இருவர் மூச்சு விட்டுக்கொண்டு வருவது, கயிற்றைத் தவறவிட்டால் தேடிப் பிடிப்பது எல்லாம் உண்டு. காலை மேலும் கீழும் அடிக்கிற வழக்கமான உதையை மறந்து, வண்டல் கலங்காத தவளை உதையைப் பழக வேண்டும். கயிற்றில் ஆங்காங்கே சிறிய பிளாஸ்டிக் அம்புகள் மாட்டியிருக்கும். ஃபாரஸ்ட் வில்சன் என்ற முக்குளிப்பாளர் வடிவமைத்தவை. கூர்முனை எப்போதும் வெளிவாயிலையே காட்டும். கண் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கட்டைவிரலை உயர்த்தினால் 'முடித்துக்கொள்வோம், வெளியே போகலாம்' என்று பொருள். யார் வேண்டுமானாலும், எந்தக் கட்டத்திலும் காட்டலாம். காரணம் கேட்கக் கூடாது. அனுபவசாலிக்குப் புதியவர் காட்டினாலும் அனுபவசாலி திரும்பியாக வேண்டும். இத்தனை கருவிகளுக்கும் நடுவே, அதிக உயிர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இந்த ஒரு சைகைதான் என்று தோன்றுகிறது.

குகைப் பயிற்சி படிப்படியாகத்தான் ஏறும். முதலில் பகல் வெளிச்சம் தெரியும் வாயிற்பகுதி. பிறகு அறிமுக நிலை. கடைசியில் முழுமையான குகைத் தகுதி. இதனோடு ஒப்பிட, சாதாரண ஸ்கூபா அட்டைகளில் 'அட்வான்ஸ்டு' என்ற சொல் எவ்வளவு தாராளமாகப் புழங்குகிறது! உலகில் பரவலாக எடுக்கப்படும் அந்த வகுப்பில் ஐந்து முக்குளிப்புகள். ஆழமும் திசையறிதலும் கட்டாயம், மற்ற மூன்றும் மாணவர் விருப்பம். அடுத்த படியாக அது நல்ல வகுப்பு. ஆனால் அந்தப் பெயர் ஒருவருக்குக் கொடுக்கிற தைரியம், அந்த ஐந்து முக்குளிப்புகள் கொடுக்கிற திறமையைவிடப் பெரியது.

திறந்த நீர்ப் பயிற்சிக்கும் குகைப் பயிற்சிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை 2018இல் உலகமே கண்ணால் பார்த்தது. தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களின் கால்பந்துப் பயிற்சியாளரும் ஜூன் 23 அன்று வெள்ளத்தால் சிக்கினார்கள். தாய்லாந்துக் கடற்படையின் சீல் வீரர்கள் உயிரைப் பணயம் வைத்து இறங்கினார்கள். அவர்களின் பயிற்சி திறந்த கடலுக்கானது. ஜூலை 2 அன்று வழிக்கயிறு விரித்துக்கொண்டே போய்ச் சிறுவர்களைக் கண்டவர்கள் ரிக் ஸ்டான்டன், ஜான் வோலந்தன் என்ற இரு ஆங்கிலேயர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், மற்றவர் கணினித் துறைக்காரர். குகை முக்குளிப்பு அவர்களுக்குப் பல்லாண்டுப் பழக்கம். ஜூலை 6 அன்று, உள்ளே காற்றுச் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் முன்னாள் சீல் வீரர் சமான் குணான் உயிர்நீத்தார். சிறுவர்களும் பயிற்சியாளரும் பிழைத்தார்கள்.

எக்ஸ்லியும் தண்ணீரில்தான் போனார். 1994 ஏப்ரல் 6, மெக்சிகோவின் சக்கத்தோன் என்ற பாதாளக் கிணற்றில், ஆயிரம் அடி ஆழத்தைத் தொட முயன்றபோது. வயது 45. அவரது கருவி காட்டிய ஆழம் ஏறக்குறைய 900 அடி. அளவுக்கு மீறிய ஆழம் என்ற காரணத்தை எழுதிவைத்தவரே அதற்கு இரையானது வலிக்கிற உண்மை. ஆனால் அவர் வகுத்த விதிகள் அவரோடு போகவில்லை. அவற்றைக் கற்றவர்கள் ஒவ்வொரு வாரமும் ஃபுளோரிடாவின் ஊற்றுகளில் இறங்கி நல்லபடியாக ஏறி வருகிறார்கள்.

புதுச்சேரியிலும் அந்தமானிலும் இன்று தமிழ் இளைஞர்கள் பலர் ஸ்கூபா கற்கிறார்கள். அட்டை கைக்கு வரும் நாளில் பயிற்றுநரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த அட்டை எங்கெல்லாம் செல்லாது?" மூழ்கிய கப்பலின் உள்ளறை, பாறை இடுக்கு, தலைக்கு மேல் கூரை உள்ள எந்த இடமும் அவர் சொல்லும் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு பயிற்றுநரைத் தேடுங்கள்.