40 வயசுல கன்சல்டன்ட் ஆகலாமா? ராஜினாமா லெட்டருக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!

"பதினஞ்சு வருஷ அனுபவம் இருக்கு. இன்னும் எத்தனை நாளைக்கு இன்னொருத்தருக்காக ஓடுறது? பேசாம கன்சல்டன்ட் ஆகிடலாமா?"

40 வயதை நெருங்கும் பலர் டீ பிரேக்கில் சொல்லும் வசனம் இது. ஆசை நியாயமானதுதான். ஆனால், திறமை இருந்தும் பலர் தடுமாறுவது கணக்கில்தான். கோவை பம்ப் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி மேனேஜராக இருக்கும் ஒருவருக்கு மாதச் சம்பளம் 1.5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவரை உதாரணமாக வைத்தே பார்த்துடலாம்.

எதை விக்கப்போறீங்க?

"குவாலிட்டியில எனக்கு எல்லாம் தெரியும்" என்பதை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். "உங்க ஃபவுண்டரியில காஸ்ட்டிங் ஏன் இவ்ளோ ரிஜெக்ட் ஆகுதுன்னு ஆறு வாரத்துல கண்டுபிடிச்சு, குறைக்கிற வழியைச் சொல்றேன்" என்றால் முதலாளி காது கொடுத்துக் கேட்பார். ஐ.எஸ்.ஓ 9001 சான்றிதழுக்கு ஒரு சின்ன யூனிட்டைத் தயார் செய்வதும் இப்படி எல்லை தெளிவான வேலைதான்.

உங்கள் துறை எதுவாக இருந்தாலும், நீங்கள் தீர்க்கும் பிரச்னையை ஒரே வரியில் எழுதிப்பாருங்கள். எழுத வரலையா? ராஜினாமா லெட்டர் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

ஒரு நாளைக்கு எவ்ளோ கேட்கலாம்?

1.5 லட்சத்தை 22 வேலை நாள்களால் வகுத்து, "நாளுக்கு 7,000 ரூபாய் போதும் சார்" என்று சொல்லிவிடுவதுதான் முதல் தப்பு.

வருடத்தில் சனி, ஞாயிறு 104 நாள்கள் போனால் மீதி 261. பண்டிகை, காய்ச்சல், வீட்டு விசேஷம் என 21 நாள்களைக் கழித்தால் 240. கிளையன்ட் தேடுவது, புரபோசல் எழுதுவது, பில்லுக்காக போன் போடுவது என அதில் பாதி ஓடிவிடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். காசு வருவது 120 நாள்களுக்குத்தான்.

பழைய வருடச் சம்பளம் 18 லட்சம். கம்பெனி கட்டிய பி.எஃப் பங்கு, இன்ஷூரன்ஸ், லேப்டாப், பயணம் எல்லாம் இனி உங்கள் செலவு. அதற்கு 3 லட்சம். ஆக மொத்தம் 21 லட்சத்தை 120-ஆல் வகுத்தால், நாளுக்கு 17,500 ரூபாய். 7,000-க்கு ஒப்புக்கொண்டால் வருடத்துக்கு 8.4 லட்சம்தான். பழைய சம்பளத்தில் பாதிகூட தேறாது!

சம்பள மெசேஜ் இனி வராது

ஆனால், இ.எம்.ஐ தேதி மாறாது. அதனால், குறைந்தது ஆறு மாத வீட்டுச் செலவு தனியாக இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு இருந்தால் நிம்மதி. வேலை ஆரம்பிக்கும் முன்பே ஒரு பகுதியை அட்வான்ஸாகக் கேளுங்கள். கூச்சப்பட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

உத்யம் இணையதளத்தில் குறு நிறுவனமாகப் பதிவு செய்வது இலவசம். பதிவு இருந்தால், எழுத்துபூர்வமான ஒப்பந்தம் போட்ட கிளையன்ட் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்கள். தாமதித்தால் வட்டி கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு.

வரி விஷயம்

தொழில்முறைக் கட்டணத்துக்கு கிளையன்ட் பொதுவாக 10% டி.டி.எஸ் பிடித்துக்கொண்டுதான் தருவார். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி பதிவு கட்டாயம். நம் உதாரணத்தில் 21 லட்சம் என்பதால், பில்லில் 18% ஜி.எஸ்.டி தனியாகச் சேரும். அது அரசுக்குப் போகிற பணம், உங்கள் வருமானம் கிடையாது. இன்ஜினீயரிங், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற தொழில்களில், வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் எளிய முறையும் உண்டு. எல்லா கன்சல்டிங்குக்கும் இது பொருந்தாது. முதல் பில் போடும் முன்பே ஓர் ஆடிட்டரைப் பார்த்துடுங்க.

கிளம்பும் முன் செக் பண்ணுங்க

* ஐந்து வருட சர்வீஸ் முடிந்தால் கிராஜுவிட்டி உண்டு. நாலரை வருடத்தில் அவசரப்பட வேண்டாம்.

* பி.எஃப் பென்ஷன் திட்டத்தில் 10 வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. ஸ்கீம் சர்ட்டிஃபிகேட் வாங்கி வையுங்கள்.

* கம்பெனி ஹெல்த் இன்ஷூரன்ஸ் வேலையோடு போய்விடும். கடைசி வேலை நாளுக்கு முன்பே குடும்பத்துக்குத் தனி பாலிசி எடுங்கள்.

* "வேலையை விட்ட பிறகு இதே துறையில் தொழில் செய்யக் கூடாது" என்ற நிபந்தனை, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 27-வது பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால், கம்பெனி ரகசியங்களைக் காக்கும் பொறுப்பு தொடரும். வேலையில் இருந்துகொண்டே வெளிவேலை செய்ய அனுமதி உண்டா என்பதையும் ஆஃபர் லெட்டரில் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கணக்கை எக்செல் ஷீட்டில் போட்டு வைத்தால் மட்டும் போதாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோருடனும் உட்கார்ந்து, "மூணு மாசம் ஒரு ரூபாய்கூட வரலைன்னா என்ன பண்ணுவோம்?" என்று பேசுங்கள். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால், தைரியமாக லெட்டரை டைப் பண்ணலாம்!