சுமைதாங்கிகள் சொல்லும் சரித்திரம்

சரித்திரமென்றால் அரசரும் போரும் கோட்டை கொத்தளமுமே என்ற எண்ணம் எம்மிற் பலருக்குப் பாடசாலை நாள் முதலே ஊறிவிட்டது. போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தை வென்றது 1619இல், ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தது 1658இல் என்று மிஷன் பள்ளிகளிற் படித்த எம்போன்றோர் நித்திரையிற் கேட்டாலும் சொல்லுவோம். நாள்தோறும் சைக்கிளிற் கடந்துபோகும் வீதியோரத்துக் கல்லை நாட்டியவர் யாவர், எதற்காக நாட்டினர் என்பதோ எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

வடமராட்சியின் பழைய வீதியோரங்களில் இன்னும் எஞ்சி நிற்கும் சுமைதாங்கிகளையே ஈண்டுக் குறிக்கின்றோம். இரு தூண்களின் மேல் ஒரு குறுக்குக் கல். அன்றேல் சுண்ணக்கல்லை அடுக்கிச் சாந்து பூசிய சிறு மதில். உயரம் ஏறக்குறையத் தோள் மட்டம். அந்த உயரத்திலேதான் அதன் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. தலைச்சுமையை நிலத்தில் இறக்கிவிட்டால் திரும்பத் தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். தோள் மட்டக் கல்லாயின் சற்றே குனிந்து சுமையைச் சரித்து வைக்கலாம். இளைப்பாறியபின் எவர் துணையுமின்றித் தலைக்கேற்றலாம். தனி வழி நடப்போரை, சிறப்பாகக் கடகஞ் சுமந்த பெண்களை, மனத்திற்கொண்டு செய்த அளவு அது.

லொறியும் பேருந்தும் வருமுன்னர் இப்பகுதியின் வியாபாரத்திற் பெரும்பங்கு தலையிலேதான் நடந்தது. பருத்தித்துறைக் கரையின் மீனும், தோட்டத்துப் புகையிலையும், பனாட்டும் ஒடியலும் பாயும் கடகத்திலும் கட்டிலுமாக ஊரூராய்ச் சென்றன. நெல்லியடியிலிருந்து கரவெட்டி ஊடாக வரணி, கொடிகாமம் நோக்கி நடப்பதும், நிழலற்ற வல்லை வெளியைக் கடந்து வலிகாமம் செல்வதும் எத்துணை நெடிய வழி! அரசாங்கம் நாட்டிய கட்டைகள் தூரத்தைச் சொல்லின. சுமைதாங்கியோ அத்தூரத்தைக் குறைத்துக் கொடுத்தது.

மடம், கேணி, ஆவுரோஞ்சிக் கல் என்பனவும் வழிநடப்போருக்கும் கால்நடைக்கும் செய்த தருமங்களே. பருத்தித்துறையில் வீதிக்கு மேலேயே கூரையிட்டு, இருமருங்கும் திண்ணை அமைத்த தெருமூடிமடத்தை அறியாதார் இலர். நூல்கள் எண்ணிச் சொல்லும் முப்பத்திரண்டு அறங்களில் மடமும் தடாகமும் ஆவுரிஞ்சு தறியும் உள. வழக்கமாகச் சொல்லப்படும் அப்பட்டியலிற் சுமைதாங்கி இல்லை. எமக்கு இது பெரிதும் கவனிக்கத்தக்கதாகத் தோன்றுகின்றது. மற்றையவை புண்ணியம் நாடிச் செய்தவை. சுமைதாங்கியோ வீட்டுத் துயரத்திற் பிறந்தது.

வயிற்றிற் பிள்ளையோடு ஒரு பெண் இறந்தால், இறக்காத சுமையோடு அவள் உயிர் வருந்தும் என்பது முன்னோர் நம்பிக்கை. பிறர் சுமையை இறக்கினால் அவள் சுமையும் இறங்கும் என்று கணவனோ பெற்றோரோ அவள் பெயரால் இக்கல்லை நாட்டினர். நம்பிக்கையை ஏற்பவர் ஏற்கட்டும், மறுப்பவர் மறுக்கட்டும். கல்லின் எண்ணிக்கை சொல்லும் செய்தியை ஒருவரும் மறுக்க இயலாது. 1930களிலேகூட இலங்கையில் ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ இருபது தாய்மார் இறந்தனர். இன்று இலட்சம் பிறப்புக்கே ஏறத்தாழ முப்பதுதான். மானிப்பாயில் வைத்தியர் கிறீன் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, 1857இல் மகப்பேற்று நூலொன்றையும் தமிழில் வெளியிட்டார். இணுவிலிற் பெண்களுக்கான மக்லியொட் ஆஸ்பத்திரி 1898இல் எழுந்தது. ஆயினும் இரண்டும் வல்லைக்கு அப்பால் உள்ளவை. நோவெடுத்தவளை மாட்டுவண்டியில் ஏற்றி அவ்வெளியைக் கடக்க எத்தனை நாழிகை என்று பெரியோர் அறிவர்.

எம் பகுதியிலேயே, வல்லிபுரத்தில், 1936இல் ஒரு பொன்னேடு கிடைத்தது. வசப மன்னன், நாகதீபத்தை ஆண்ட அமைச்சன் இசிகிராயன், விகாரை ஒன்றைக் கட்டுவித்த பியகுக திஸ்ஸன் எனப் பெயர்கள் யாவும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. அதனைக் குறித்து ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிடுகின்றனர். தமிழகத்து நடுகற்களிலும் ஆநிரை மீட்டு மாண்ட வீரரின் பெயர் உண்டு. சுமைதாங்கிகளில் மிகப்பலவற்றில் ஓர் எழுத்துக்கூட இல்லை. யாருக்காகக் கல் எழுந்ததோ, அவள் பெயர் பேத்தியார் வாயில் இருந்தவரை இருந்தது. பேத்தியாரும் போனபின் வெறுங்கல்லே மிச்சம்.

பழைய தருமங்களைப் புகழும்போது ஒன்றை மறைத்தல் ஆகாது. எல்லாத் திண்ணைகளிலும் எல்லாரும் அமர முடிந்ததில்லை. எல்லாக் கிணற்றிலும் எல்லாரும் அள்ள முடிந்ததில்லை. சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் 1957இல் வந்தபின்னரும் தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைய எம்மக்கள் போராட வேண்டியிருந்தது. மிகப் பாரமான சுமையைத் தூக்கியவர்களுக்கே தண்ணீர் மறுக்கப்பட்ட வீதிகள் இவை. வீதியின் சரித்திரத்தை எழுதுவோர் இதையும் எழுதல் வேண்டும்.

இப்போது தலைச்சுமை இல்லை. ஆகவே கல்லுக்கும் வேலை இல்லை. சிலவற்றில் தனியார் வகுப்பு விளம்பரமும் கண்ணீர் அஞ்சலியும் ஒட்டப்படுகின்றன. அஞ்சலிக் கல்லின்மேலேயே இன்னோர் அஞ்சலி! வீதி அகலிக்கும்போதும், மதில் கட்டும்போதும் இடையூறென்று பெயர்த்தெறிவோரும் உளர். பெயர்த்த கல்லை இன்னோரிடத்தில் நட்டுவிடலாம். எந்தச் சந்தியில் எந்த மரநிழலில் எவ்வீட்டார் வைத்தனர் என்ற செய்தியை அவ்வாறு நட இயலாது. புதிய பளிங்குப் பலகைகளுக்குப் பணஞ் சேர்க்குமுன் இருப்பவற்றைப் பதிதல் நலமென்பது எமது துணிபு.

வேலை பெரிதன்று. ஒரு கல்லுக்கு ஒரு பக்கம்: இடம், உயரம், புகைப்படம், அயலார் சொல்லும் கதை, தெரிந்தாற் பெயர். கரவெட்டியிலிருந்து தொடங்கி நெல்லியடி, துன்னாலை, உடுப்பிட்டி என இளைஞர் ஒழுங்கைக்கு இருவராய்ப் பிரிந்து சென்றால் ஒரு விடுமுறைக் காலத்தில் முடியும். எண்பது தாண்டிய அம்மாமார் முதலில் சந்திக்கப்படல் வேண்டும். பெரியோர்களே, கொப்பியோடு உங்கள் படலைக்கு வருவோம். இப்படிப்பட்ட சாவுகளை மெல்லிய குரலிலேயே பேசுவது எம்மூர் வழக்கம் என்பதை அறிவோம். பெயரை அச்சிட விரும்பாத வீட்டார் அதைச் சொன்னாற் போதும்; கல்லின் கதையை மட்டும் எழுதிக்கொள்வோம்.